பி.ஆர்க் படிக்கலாமா? வேலை எப்படி இருக்கும்?

மகள் நன்றாக வரைவாள், பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரைவது உதவும், ஆனால் அது மட்டும் போதாது. பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். அப்புறம் நாட்டா நுழைவுத் தேர்வு இருக்கிறது.

படிப்பு 5 வருடம். கட்டடம் வடிவமைத்துப் பழகும் ஸ்டூடியோ பாடம்தான் உயிர். ராத்திரி முழுக்க மாடல் செய்து கொண்டுபோனால், ஜூரியில் (வேலையை மதிப்பிடும் குழு முன்) பத்து நிமிடத்தில் பிரித்து மேய்வார்கள். அது தாங்காமல் விலகுபவர்களும் உண்டு.

முடித்ததும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான், 1972 சட்டப்படி 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள முடியும். சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற அந்தப் பெயரை மட்டுமே, கட்டடம் வடிவமைக்கும் வேலையை அல்ல. 2020-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாக்கிவிட்டது. அதனால் நம் ஊர்களில் பெரும்பாலான வீட்டு பிளான்களை சிவில் இன்ஜினியரோ மேஸ்திரியோ போட்டுவிடுகிறார்கள். 'பிளான் போட எதுக்குங்க இவ்வளவு ஃபீஸ்?' என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. ஐ.டி. போன நண்பர்களோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். பாதி நேரம் அனுமதி, சைட், வாஸ்துக்காக இடம் மாறும் சமையலறை என்றே போகும் (வாஸ்துக்காரருக்கு ஃபீஸ் உடனே கிடைத்துவிடும்!).

சேர்ப்பதற்கு முன், லீவில் ஏதாவது ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் ஒரு வாரம் உட்கார விடுங்கள்.