ஜெர்மானியரும் மாமியாரும் ஒரே மேசையில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாரக்கடைசியில் ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு கற்று வருகிறேன். என் கணவர் தன் அலுவலகத்துக்கு வரும் ஜெர்மனி, பிரேசில் நண்பர்களுக்கு எங்கள் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் அதைச் செய்து காட்டச் சொல்கிறார். சென்னையிலிருந்து மாமியாரும் வந்திருப்பார். தாதாமி பாய் கிடையாது, மண்டியிட்டு உட்கார யாராலும் முடியாது. முறை கெடாமல் எப்படிச் செய்வது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: மேசை நாற்காலியைப் போடுங்கள், முறை ஒன்றும் கெட்டுவிடாது. 1872-ல் கியோத்தோவில் நடந்த பொருட்காட்சிக்கு வரும் வெளிநாட்டினருக்காகவே உராசென்கே எனும் தேநீர்ச் சடங்கு மரபின் 11-ஆம் தலைவர் கெங்கென்சாய் மேசையில் வைத்துத் தேநீர் தரும் முறையை வகுத்தார், அதற்கு ரியூரே என்று பெயர், இன்றும் அதைக் கற்றுத் தருகிறார்கள். கால் மரத்துப்போய் நெளிகிறவருக்கு எவ்வளவு நல்ல தேநீர் கொடுத்தும் என்ன பயன்?

சாப்பாட்டோடு சேர்ந்த முழுச் சடங்கு ஏறக்குறைய 4 மணி நேரம் ஓடும். அது வேண்டாம், ஓர் இனிப்பு, ஒரு கிண்ணம் உசுச்சா, அதாவது நுரை பொங்கும் இளந்தேநீர், அதுவே போதும். கொய்ச்சா எனும் கெட்டித் தேநீரின் பக்கமே போகாதீர்கள். வழக்கமாக அதை ஒரே கிண்ணத்தில் ஆளுக்குச் சில மிடறு குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்கு நகர்த்துவார்கள், எச்சில் பார்க்கும் மாமியார் அங்கேயே எழுந்துவிடுவார்!

அப்புறம், பிரசங்கம் செய்யாதீர்கள். இந்தச் சடங்குக்கு வடிவம் தந்த 16-ஆம் நூற்றாண்டின் சென் நோ ரிக்யூவில் ஆரம்பித்து ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு போனால் தேநீர் ஆறிவிடும். இனிப்பை முதலில் தின்று முடிக்கச் சொல்லுங்கள், கசப்பு அப்போதுதான் இதமாக இருக்கும். கிண்ணத்தைத் திருப்புவதற்கும் காரணம் சொல்லுங்கள்: அதன் அழகான முகப்பை நீங்கள் விருந்தினர் பக்கம் வைக்கிறீர்கள், அதில் வாய் வைக்கக் கூடாதென்று அவர் வலப்புறமாக இரண்டு முறை திருப்பிக் குடிக்கிறார். காரணம் தெரிந்துவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கடைசி மிடறைச் சத்தமாக உறிஞ்சலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள், பலருக்கு அதுதான் பிடிக்கும்.

முதல் விருந்தினர் இருக்கையில் உங்கள் கணவரை உட்கார வையுங்கள். அவர் செய்வதைப் பார்த்து மற்றவர்கள் செய்வார்கள், ஆகவே அவருக்கு முந்தின வாரமே பயிற்சி கொடுத்துவிடுங்கள். (யோசனை அவருடையது, கொஞ்சம் உழைக்கட்டும்.) கிண்ணத்தில் கீறல் விழாமலிருக்க மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பது வழக்கம். மாமியார் வளையலைக் கழற்ற மாட்டார் என்றால் விட்டுவிடுங்கள், அவருக்குச் சாதாரணக் கிண்ணம் கொடுங்கள்.

கேள்வி: ஜப்பானிய இனிப்புகள் சைவமா?
– வாசகர், ஈசூன்

பதில்: பெரும்பாலும் சைவம்தான். பயற்று விழுது, சர்க்கரை, அரிசி மாவு. யோக்கான் எனும் பயற்று விழுதுக் கட்டி உறைவது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரால். காஸ்தெரா எனும் கேக்கில் முட்டை உண்டு. பேரங்காடியில் வாங்கினால் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா என்று உறையைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: மாட்சா (பச்சைத் தேயிலைத் தூள்) கட்டி கட்டியாக நிற்கிறது, நுரையே வருவதில்லை.
– வாசகி, தோ பாயோ

பதில்: நம் ஊர் ஈரக்காற்று. குளிர்பெட்டியில் வைத்த டப்பாவை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், குளிர் விட்டபின் திறந்து சலியுங்கள். 2 கிராம் தூளுக்கு 80 டிகிரி சூட்டில் சுமார் 70 மில்லி தண்ணீர். மூங்கில் மத்தை முதலில் வெந்நீரில் நனைத்துக்கொண்டு, வட்டமாகக் கிண்டாமல் மணிக்கட்டால் முன்னும் பின்னும் வேகமாக அடியுங்கள். கழுவிய மத்தை நன்றாகக் காயவிடாமல் மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும்.