கொத்திப் பார்த்துவிட்டு ரேட் பேசுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் பழைய மட்டப்பா (மரக்கட்டைகள் தாங்கும் தட்டைக் கூரை) வீடு ஒன்று வாங்கியிருக்கிறேன். சீர் செய்து ஒரு வருடத்துக்குள் விற்க எண்ணம். நாள் கூலிக்கு ஆள் வைத்தால் மலிவு என்கிறார் மாமனார். கான்ட்ராக்டர் மொத்தமாக ஒரு தொகை கேட்கிறார். எனக்கு வேலை கோவையில், சனி ஞாயிறுதான் வர முடியும். எது நல்லது?

பதில்: தம்பி, மாமனார் தினமும் அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவாரா? உட்காருவார் என்றால் அவர் கணக்கு சரி. இல்லையென்றால் மூன்று நாள் வேலை ஆறு நாள் இழுக்கும். கொத்தனாரைக் குறை சொல்லவில்லை. எம்-சாண்ட் லோடு பதினோரு மணிக்கு வந்தாலும் கூலி முழு நாளுக்குத்தானே!

அதற்காக இப்போதே மொத்தமாகப் பேசிவிடாதீர்கள். பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கான்ட்ராக்டருக்கும் தெரியாது. பயந்து கூட்டிச் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டு நடுவில் ‘எக்ஸ்ட்ரா’ என்பார். நாலு நாள் லீவு போட்டு வாருங்கள். நாள் கூலிக்கு ஒரு கொத்தனார், இரண்டு கையாள் வைத்து, உப்புப் பூத்த பூச்சை எல்லாம் கொத்தி எடுங்கள். மட்டப்பாவைத் தாங்கும் கட்டைகள் சுவருக்குள் போகிற இடத்தில் உளியால் குத்திப் பாருங்கள், கறையான் அங்கேதான் இருக்கும். சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதா என்பதும் தெரிந்துவிடும். சுண்ணாம்புச் சுவரில் கெட்டியாகச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூச்சு உப்பி உதிரும். வாங்குகிறவர் கண்ணில் படுவது அதுதான்.

அப்புறம் அதே கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, பூச்சு, தரை, பெயின்ட் எல்லாவற்றுக்கும் சதுர அடி ரேட் பேசுங்கள். சனிக்கிழமை சனிக்கிழமை முடிந்ததை அளந்து பணம் கொடுங்கள். புதுப் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும், அதையும் எழுதி வாங்குங்கள். ஊற்றுகிறார்களா என்று பார்க்கும் வேலையை மாமனாருக்குக் கொடுக்கலாம். மட்டப்பாவை ஐப்பசிக்கு முன் முடித்து, பணத்தில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஒரு நல்ல மழைக்குப் பிறகு கொடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம் ஊரில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் ஒழுகலையும் ஈரத்தையும் பார்க்கிறார்கள், டைல்ஸை அப்புறம்தான்.

இன்னொன்று. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் ஏற்கெனவே போயிருக்கும். வாங்கிய 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். சீரமைப்புச் செலவைக் கழிக்கக் காகிதம் வேண்டும். கான்ட்ராக்டரிடம் பில், நாள் கூலிக்கு வவுச்சரில் கையெழுத்து. இதையே தொழிலாக்கப் போகிறீர்கள் என்றால் வேலை தொடங்குமுன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.