காஷ்மீரின் உப்பு டீயான நூன் சாய் வீட்டில் போட்டால் ஏன் பழுப்பாகிறது? இளஞ்சிவப்பு எப்படி வரும்?

பெரும்பாலும் தூளில்தான் தப்பு. நாம் தினமும் போடும் கறுப்புத் தேயிலைத் தூளில் அந்த நிறம் வரவே வராது. பச்சைத் தேயிலை (கிரீன் டீ) வகை இலைதான் வேண்டும். காஷ்மீரியில் 'நூன்' என்றால் உப்பு. இந்த டீக்குச் சர்க்கரை கிடையாது.

நாலு பேருக்கு: 2 கப் தண்ணீரில் 2 டீஸ்பூன் இலை, கால் டீஸ்பூன் சமையல் சோடா. மிதமான தீயில் அரை மணி நேரம், தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கட்டும். பிறகு 2 கப் ஐஸ் தண்ணீரைச் சட்டென்று ஊற்றி, கரண்டியால் மொண்டு உயரத்திலிருந்து ஐந்தாறு நிமிடம் ஆற்றுங்கள். இதைத் தவிர்த்துவிடாதீர்கள். சோடாவின் காரத்தன்மையில் இலைச்சாறு காற்றுபட்டுச் சிவக்கிறது. ஆற்ற ஆற்ற டிகாக்‌ஷன் மாதுளைச் சாறு போல் ஆகும். அந்தச் சிவப்பு வந்தபிறகே 2 கப் பால், அரை டீஸ்பூன் உப்பு சேர்த்து மீண்டும் கொதிக்க விடுங்கள். அவசரப்பட்டுப் பாலை ஊற்றினால் மங்கிய பழுப்புதான்.

நிறம் போதவில்லை என்று சோடாவைக் கூட்டவே கூடாது. சோப்புத் தண்ணீர் வாடை வந்துவிடும், மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான்.

வெறும் டீயாக மட்டும் குடிக்காதீர்கள். ஸ்ரீநகரில் விடியும்போதே தெருவுக்குத் தெரு 'காந்துர்' என்னும் ரொட்டிக்காரர் தந்தூர் அடுப்பை மூட்டிவிடுவார். காலையில் விரல் தடம் பதிந்த கிர்தா ரொட்டி, மாலையில் எள் தூவிய வளைய ரொட்டி. வெண்ணெய் தடவிய கிர்தாவைப் பிய்த்து, தோய்த்துச் சாப்பிட்டால்தான் அந்த உப்பின் அருமை தெரியும்.