நுண்ணோக்கி யார் கையில் இருக்கிறது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், எட்டு வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டு என்னிடம் திட்டு வாங்கியவள். இன்றும் நல்ல மதிப்பெண் எடுக்கிறாள். ஆனாலும் "அறிவியல் எனக்கு வராதும்மா" என்கிறாள். செய்முறை வகுப்பில் அவளுக்குக் கிடைப்பது எழுதும் வேலைதானாம். அவளுக்கு வழிகாட்டியை எங்கே தேடுவது?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

"உன் கையெழுத்து அழகாக இருக்கிறது, நீயே எழுது" என்று குழுவில் ஒரு பெண்ணிடம் சொல்லும்போது அது பாராட்டாகவே கேட்கிறது. ஆனால் வெங்காயத் தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, காற்றுக் குமிழி சேராமல் மூடி, நுண்ணோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பிச் செல்களின் சுவர் தெளிந்து வரும் கணத்தைக் காண்பவன் வேறொருவன். மதிப்பெண் இருவருக்கும் உண்டு. கை பழகுவது ஒருவருக்கு மட்டுமே.

2017-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மிகுந்த புத்திசாலி யார் என்று கேட்டபோது 5 வயதுச் சிறுமியர் பெரும்பாலும் பெண்ணையே சுட்டினார்கள்; 6, 7 வயதுச் சிறுமியரிடம் அது குறைந்திருந்தது. படிப்பில் முந்துவது பெண்கள்தாம் என்று அந்த வயதிலும் அவர்கள் சொன்னார்கள் என்பதே என்னை வருத்துகிறது. எனவே, "நீதான் நல்ல மார்க் எடுக்கிறாயே" என்ற ஆறுதல் உங்கள் மகளுக்குப் போதாது.

செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராய 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநரானதை அவளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆயினும் வாரம் ஒருமுறை சந்தேகம் கேட்க அவரிடம் போக முடியாது. அதற்கு அருகிலேயே ஒருவர் வேண்டும். உங்கள் தெருவில் இயற்பியல் படிக்கும் கல்லூரி மாணவியே போதும். மகள் தடுமாறும்போது கருவியைப் பிடுங்கிச் செய்து காட்டாமல், "இப்போது என்ன ஆனது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவராக அவர் இருக்கட்டும்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நம் மாநிலத்தில் பல்லாண்டுகளாக ஒருங்கிணைத்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பற்றிப் பள்ளியில் விசாரியுங்கள். 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள், வழிகாட்டி ஆசிரியர் துணையுடன் தம் ஊரின் பிரச்சினை ஒன்றைத் தாமே ஆராய்வது அதன் முறை. அறிவியல் ஆசிரியரைப் பார்க்கும்போது, செய்முறைக் குழுவில் எழுதும் வேலையை முறை வைத்து மாற்றும்படியும் கேளுங்கள். குறையாகச் சொல்லாமல் வேண்டுகோளாகச் சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

அந்தச் சுவர்க் கடிகாரம் இன்னும் வீட்டில் இருந்தால், ஒரு ஸ்க்ரூடிரைவருடன் அவளிடமே கொடுத்துவிடுங்கள். அது மறுபடி ஓடாவிட்டாலும் இந்த முறை திட்டாதீர்கள்.