படையை யார் நடத்துகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சிறுநீர் மாதிரியை பிளட் அகர் (கிருமி வளர்க்க ரத்தம் கலந்த கூழ்) தட்டில் தடவி இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போனால், சில நாள் காலையில் தட்டு முழுக்க வளையம் வளையமாகப் படர்ந்திருக்கிறது. புரோட்டியஸ். மற்ற கிருமிகளை மூடிவிடுவதால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். இதே கிருமி திரவத்தில் தனித்தனியாகத்தானே நீந்துகிறது? தட்டில் மட்டும் படையாகப் புறப்படு என்று அதற்கு யார் சொல்வது? தலைமை உண்டா?

ம., கடலூர்

அன்புள்ள ம.,

தலைமை கிடையாது. ஒவ்வொரு செல்லும் தரை தட்டியதைத் தானே தெரிந்துகொள்கிறது.

தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு கரைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழத்தில் பின்னாலிருக்கும் ஒற்றைப் புரொப்பல்லர் போதும். மணல் நெருங்கியதும் இன்ஜினைத் தூக்கிவிட்டு, எல்லோரும் தண்ணீரில் குதித்து ஆளுக்கொரு பக்கம் தள்ளுவார்கள். கடல் மீன், இறால் வழியாக வயிற்றுப்போக்கைத் தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் செய்வதும் இதுதான். நீரில் அதற்கு ஒரு முனையில் ஒரே கசையிழை, அதாவது நீந்தும் வால். அதைச் சுழற்றுவது சோடியம், அதாவது கடலின் உப்பு. பரப்பில் ஒட்டியதும் உடலைச் சுற்றிப் பக்க இழைகள் ஏராளமாக முளைக்கும். அவை ஓடுவது புரோட்டானில், அதாவது ஹைட்ரஜன் அயனியில்.

இந்த விப்ரியோவை வைத்து 1988ல் மெக்கார்ட்டர், ஹில்மென், சில்வர்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் பரப்பையே தரவில்லை. திரவத்தைக் கெட்டியாக்கினார்கள், இல்லையென்றால் கசையிழையில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சேர்த்தார்கள். முனை இழை சுழல முடியாமல் திணறியதும், திரவத்துக்குள்ளேயே பக்க இழைகளின் மரபணுக்கள் விழித்துக்கொண்டன. நீந்தும் வாலே தொட்டுப் பார்க்கும் விரலாகவும் இருக்கிறது! அந்த விரலுக்குத் தெரிவதெல்லாம் ‘சுற்ற முடியவில்லை’ என்பது மட்டும். இரும்புச் சத்து குறைந்திருப்பதும் சேர்ந்தால்தான் மாற்றம் முழுமையாகும் என்று பிறகு தெரிந்தது.

சரி, உங்கள் புரோட்டியஸுக்கு வருவோம். 1885ல் குஸ்தாவ் ஹௌசர் நினைத்த உருவெடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரை இதற்கு வைத்தார். பொருத்தமான பெயர். திரவத்தில் 2 மைக்ரோமீட்டர் நீளமிருக்கும் செல், பரப்பில் பிரிவதை நிறுத்திவிட்டு 20 முதல் 80 மைக்ரோமீட்டர் வரை நீள்கிறது. இழைகள் ஆயிரக்கணக்கில். இதற்கு முதல் சாவி எஃப்எல்ஹெச்டிசி என்ற மரபணுத் தொகுதி. பரப்பைத் தொட்டதும் அதன் வேலை பல மடங்கு கூடுகிறது. அதன் புரதம் சில நிமிடங்களிலேயே சிதைக்கப்பட்டுவிடும். அதனால் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் வேலை நடக்கும், விட்டால் பழைய நிலைதான்.

அதற்குப் பின்னால் வரும் ஒழுங்கு இன்னும் அழகு. சால்மொனெல்லாவில் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். முதலில் கசையிழையின் அடித்தளமும், அதை வாலோடு இணைக்கும் கொக்கியும் கட்டப்படும். அதுவரை வால் புரதத்தின் மரபணுவை இயக்கும் சிக்மா காரணியை எஃப்எல்ஜிஎம் என்ற சிறு புரதம் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். கொக்கி முடிந்ததும் அதன் நடுவிலுள்ள குழாய் வழியாகவே எஃப்எல்ஜிஎம் வெளியே தள்ளப்படுகிறது. கை விடுபட்ட சிக்மா வாலைக் கட்டத் தொடங்குகிறது. கட்டிடம் முடிந்ததா என்று யாரும் வந்து பார்க்கத் தேவையில்லை. குழாய் திறந்ததே சேதி.

நீங்கள் காணும் வளையங்கள் நின்று நின்று போனதன் தடம். நீண்ட செல்கள் சில மணி நேரம் ஓடுகின்றன, நிற்கின்றன, மறுபடி குட்டையாகப் பிரிந்து பெருகுகின்றன, அப்புறம் திரும்பவும் நீண்டு கிளம்புகின்றன.

படர்வதைத் தடுக்க சிறுநீர் மாதிரியை சிஎல்இடி அகரில் போடுங்கள். உப்பு குறைவு என்பதால் அதில் புரோட்டியஸ் தனித்தனிக் காலனியாகவே நிற்கும். ஆனால் ஒரு பிளட் அகர் தட்டை மட்டும் விட்டுவையுங்கள். மூடியைத் திறக்காமல், குறைந்த உருப்பெருக்கத்தில் வளையத்தின் விளிம்பைப் பாருங்கள். பக்கத்தில் பக்கம் ஒட்டிய செல்கள் கட்டுமரம் போலச் சேர்ந்து முன்னால் நீளும். கூட்டத்தை விட்டு விலகிய ஒற்றைச் செல் அங்கேயே நின்றுவிடும்.