பூத்த செடியை எடுக்காதீர்கள்: பங்குனிக் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் நர்சரியில் உட்கார நேரம் கிடைக்காது. தாத்தா தென்னங்கீற்றுப் பந்தலில் தொடங்கியது. இன்று பச்சை நிழல்வலை. வாசலில் வந்து கேட்கும் கேள்விகள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

உங்களிடம் பூத்துக் குலுங்கிய செம்பருத்தி, வீட்டுக்கு வந்த பத்தே நாளில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. ஏதாவது மருந்து அடித்து விற்கிறீர்களா?

மருந்து இல்லை, வெயில்தான். நிழல்வலைக்கு அடியில் பாதி வெயிலில் வளர்ந்த செடியை நேரே மொட்டை மாடியில் வைத்திருப்பீர்கள். முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். வந்த அன்றே தொட்டி மாற்றவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், மண். ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியம் பகுதியிலிருந்து நம் ஊர் நர்சரிகளுக்கு ஏராளமான செடிகள் லாரியில் வருகின்றன. வழியில் உதிராமலிருக்க வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையாக இருக்கும். அது காய்ந்தால் கல் மாதிரி. நீங்கள் ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடி அடித்துளை வழியாக வெளியே வந்துவிடும். மேல்மண் ஈரமாகத் தெரியும், நடுவேர் காய்ந்து கிடக்கும். கவரோடு அப்படியே வாளித் தண்ணீரில் வைத்து, குமிழி நிற்கும்வரை விடுங்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் பார்த்து, உருண்டை உடையாமல் தொட்டிக்கு மாற்றுங்கள்.

வாங்கும்போதே பூ நிறைந்ததை விட்டுவிட்டு, துளிரும் இரண்டொரு மொட்டும் உள்ளதை எடுங்கள். பூவுக்குச் சத்தைச் செலவழித்த செடி இடமாற்றத்தை எளிதில் தாங்காது. இதை நான் சொன்னாலே, "வியாபாரத்தைக் கெடுக்காதேடா" என்பார் அப்பா.

சிவப்பு ரோஜா வாங்கினேன். இப்போது ஒரே ஒரு கிளை மட்டும் ஆள் உயரம் போகிறது, பூவே இல்லை. உரம் போதவில்லையா?

உரம் போட்டால் இன்னும் உயரமாகப் போகும். கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் வேர்ச்செடியில், அதாவது வேருக்காக வளர்த்த வேறொரு ரோஜாவில், நல்ல ரோஜாவின் துளிர்மொட்டை ஒட்டி வளர்த்தது. தண்டின் அடியில் முடிச்சுபோல் புடைப்பு தெரியும். அதற்குக் கீழிருந்து புறப்பட்ட கிளை நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல, வேர்ச்செடி. மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்தோடு பிய்த்தெடுங்கள். கத்தரியால் வெட்டினால் திரும்ப வரும். ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா என்று சொல்வதை நம்ப வேண்டாம், நல்ல ரோஜாவிலும் ஏழு வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்பதே கணக்கு.

மல்லிகையை இப்போது கவாத்து செய்யலாமா?

ஐயோ, வேண்டாம். மொட்டு வைக்கும் நேரம். கவாத்துக்கு நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகைதான் சரி. அப்போது தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டுங்கள்.

காகிதப்பூ இலையாகவே தழைக்கிறது.

தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் துவண்ட பிறகு ஊற்றினால் போதும். நாள் முழுக்க வெயில் வேண்டும்.

ஒட்டு மாங்கன்று நட்டு ஒன்றரை வருடம்தான். அதற்குள் பூத்துவிட்டது! விடலாமா?

கிள்ளிவிடுங்கள். எனக்கும் மனசு வராது, ஆனாலும் முதல் மூன்று ஆண்டுகள் பூங்கொத்தை எடுத்துவிட்டால்தான் மரம் கிளைவிட்டு உடம்பு பிடிக்கும். வீட்டில் பிள்ளைகள் அழுதால் ஒரே ஒரு பிஞ்சை விட்டுவைத்து, கிளைக்குக் குச்சி ஊன்றிக் கட்டுங்கள். கையோடு ஒட்டுப்பகுதியையும் பாருங்கள். சுற்றிய பிளாஸ்டிக் நாடாவை இன்னும் அவிழ்க்காமலே பலர் விட்டிருக்கிறார்கள். போன வாரம் கொண்டுவந்து காட்டிய ஒரு கன்றில் அது தண்டுக்குள் விரல்நகம் அளவு புதைந்திருந்தது.