ஒளியிலிருந்து மின்சாரம் தரும் செல்கள்: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மரபணு மாற்றிய உயிர்ச் செல்களைக் கொண்டு வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் துறைக்குத்தான் போவேன் என்கிறாள் மகள். வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். இந்தப் பெயரில் வேலை மிகக் குறைவு, அதுவும் பெரும்பாலும் ஆராய்ச்சி இடங்கள். முனைவர் பட்டம் வரை போகும் பொறுமை வேண்டும்.

2022-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நீலப்பச்சைப்பாசியை வைத்து ஒரு சிறு மைக்ரோபிராசசரை ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். நல்ல சாதனைதான். ஆனால் அதற்குத் தேவைப்பட்ட மின்சாரம் மைக்ரோவாட் கணக்கு, அதாவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு. கூரை மேலிருக்கும் சிலிக்கான் சூரியப் பலகையோடு இது போட்டி போடப்போவதில்லை. சிறு சென்சார்களுக்குத்தான் இப்போதைக்குப் பொருந்தும்.

அதனால் "உயிரி ஆற்றல்" என்று பெயர் போட்ட குறுகிய பட்டத்தில் சேர்க்காதீர்கள். உயிரித் தொழில்நுட்பமோ நுண்ணுயிரியலோ எடுக்கட்டும். கூடவே மின்வேதியியலை விடாமல் படிக்கட்டும். இந்தத் துறைக்கு வரும் உயிரியல் மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

வேலை எப்படி இருக்கும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியட்டும். ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். சைனெக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசிக்குப் பொதுவாக எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். அதன் ஒரே செல்லில் குரோமோசோமுக்குப் பல நகல்கள். ஒரு மரபணுவை நீக்க வேண்டுமானால் எல்லா நகலிலும் நீக்க வேண்டும். நீக்கும் மரபணுவின் இடத்தில் கனமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாங்கும் மரபணுவை வைப்பார்கள். பிறகு அந்த மருந்தின் அளவைக் கூட்டிக்கூட்டி, தட்டுக்குத் தட்டு மாற்றிக் கீறி வளர்த்து, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் பழைய மரபணுவைக் காட்டும் பட்டை அடியோடு மறையும்வரை விடக்கூடாது. அவசரப்பட்டு நிறுத்தினால், மருந்தை எடுத்ததும் பழைய நகல் தலைதூக்கிவிடும். இதிலேயே மாதங்கள் போகும்.

அடுத்தது அளவீடு. மின்னழுத்தத்தை நிலையாக வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவியான பொட்டன்ஷியோஸ்டாட்டில் மூன்று மின்முனைகளை இணைத்து விளக்கைப் போட்டால் மின்னோட்டம் ஏறும், அணைத்தால் இறங்கும். உடனே நம்பிவிடக் கூடாது. விளக்கின் சூட்டாலும் ஏறும். எலக்ட்ரானைக் கடத்தச் சேர்க்கும் ஃபெர்ரிசயனைடே ஒளிபட்டுச் சிதைந்தாலும் மின்னோட்டக் கோடு ஆடும். செல்லே இல்லாத திரவத்தில் ஒருமுறை, கொன்ற செல்லோடு ஒருமுறை, ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் டையூரான் போட்டு ஒருமுறை அளந்து பார்த்த பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

இந்தப் பழக்கம் கைவந்தவர்களுக்குப் பயோசென்சார், பேட்டரி, நொதித்தல், மருந்துத் தொழில் என்று பல கதவுகள் திறந்திருக்கின்றன. உங்கள் கவலைக்கு என் பதில் இதுதான்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பொட்டன்ஷியோஸ்டாட்டை இளநிலை மாணவர்களே கையால் இயக்குகிறார்களா, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள்.